இழுக்கிற கை

இசக்கிமுத்து மெஷினைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பார்ப்பான். மங்கலம் ரோட்டில் அவன் மெக்கானிக்காக இருக்கும் பனியன் கம்பெனியில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தையல் விட்டுப் போகிறது, நூல் அறுகிறது என்று டெய்லர் கூப்பிட்டால், மற்ற மெக்கானிக்குகள் வந்ததும் ஸ்குரூ டிரைவரை எடுப்பார்கள். இவன் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பான். "தை பாப்போம்" என்பான். அந்த ஆள் எப்படி உட்காருகிறார், கால் எப்படி மிதிக்கிறது, துணியை எந்த விரல் பிடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பான். குள்ளமான பெண்ணுக்கு மிதிமேல் பலகைத் துண்டு ஒன்றை வைத்துக் கட்டிக் கொடுப்பான். இடது கைப் பழக்கமுள்ள ஒடிசாக்காரருக்கு நூல் ஸ்டாண்டையே இடம் மாற்றி வைத்தான். வெள்ளெழுத்து விழுந்த பெரியாத்தாளிடம் கண்ணாடி வாங்கு என்று சொல்லவில்லை. ஊசிக்குப் பின்னால் வெள்ளைக் காகிதம் ஒன்றை ஒட்டிவிட்டுப் போனான். நூல் கோர்க்கும்போது ஊசிக் காது பளிச்சென்று தெரிந்தது. அந்த அம்மா அவனுக்குத் திருஷ்டி கழிக்காத குறைதான்.

"கையை மாத்த முடியாது. மெஷினத்தான் மாத்தணும்" என்பான் கேட்கிறவர்களிடம்.

அவன் பெண்டாட்டி நாகஜோதிக்கு இதில் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. கயத்தாறு பக்கத்திலிருந்து அத்தை மகனைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்தவள். ஊருக்குப் போனால், "எங்க அத்தான் ஒருத்தருக்குச் சொன்ன யோசனைய இன்னொருத்தருக்குச் சொல்ல மாட்டாக" என்று தங்கச்சிமாரிடம் சொல்லி மாளாது அவளுக்கு.

அவளும் அதே கம்பெனியில்தான், கீழ்த்தளத்தில் ஓவர்லாக் டெய்லர். வெட்டி வந்த துணியின் ஓரங்களைச் சேர்த்து, பிசிறை நறுக்கிக்கொண்டே தைத்துத் தள்ளும் மெஷின் அது. வேகம்தான் அங்கே கணக்கு. மாடியில் இருப்பது பேட்லாக். சட்டையின் அடி மடிப்பும் கை மடிப்பும் அதில்தான் ஓடும். போட்டுக்கொண்டால் வெளியே தெரிகிற தையல். அதனால் மதிப்பும் அதற்குத்தான். பேட்லாக் டெய்லர் என்று சொன்னால் எந்தக் கம்பெனி வாசலிலும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பார்கள்.

மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு தடவை நாகஜோதி மாடிக்குப் போய் பேட்லாக் தைத்துப் பார்த்தாள். டெஸ்ட் என்று பெயர். அவள் மடித்துத் தைத்த ஓரமெல்லாம் படியாமல், கொசுவம் வைத்த பாவாடை மாதிரி அலை அலையாக எழும்பி நின்றது. இரண்டாவது துணியும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. லைன் முழுக்கச் சிரிப்பு. இசக்கிமுத்துதான் ஓடி வந்து அந்தத் துணியை வாங்கித் தொடையில் வைத்து நீவிவிட்டான்.

"ஒண்ணும் இல்லட்டி. உன் கை இழுக்குற கை. மெஷின் தள்ளுததுக்கு முன்னாடி நீ இழுத்துருத. ஓவர்லாக்குக்கு அது நல்லதுதான். பேட்லாக்குக்கு ஆகாது. வா, கீழ போவோம்."

அவன் சொன்ன விதத்தில் அவ்வளவு பரிவு இருந்தது. அவமானத்தைவிட அந்தப் பரிவுக்குத்தான் அவளுக்கு அன்று அழுகை வந்தது.

அதற்குப் பிறகு அது வீட்டுக்குள் ஒரு செல்லப் பேச்சாகிவிட்டது. மொபெட்டில் பின்னால் உட்கார்ந்தால், "இழுக்குற கையால நல்லாப் பிடிச்சுக்கோ" என்பான். கோபித்துக்கொண்டு திரும்பிப் படுத்தால், "அந்த இழுக்குற கையக் கொஞ்சம் இங்கன குடு" என்பான். அவளும் அந்தக் கதையைத் தானே சொல்லிச் சிரிக்க வைப்பாள். மகளுக்குச் சடை பின்னும்போது மட்டும், "இழுக்குதா? வலிக்குதா?" என்று விடாமல் கேட்பாள். "இல்லம்மா, பின்னு" என்று அந்தப் பிள்ளை சலித்துக்கொள்ளும். இப்போது அது கோவையில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறது. அதன் சடையை அதுவே பின்னிக்கொள்கிறது.

தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்த வாரத்தில் காண்ட்ராக்டர் முனீஸ் கீழ்த்தளத்துக்கு வந்தான். சாத்தூர்க்காரன். தயவான ஆள், ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாது.

"அக்காமாரே, ஓவர்லாக் பூராத்தையும் மொதலாளி வெளிய ஜாப் ஒர்க்குக்கு விடுறாரு. இந்த மெஷினெல்லாம் போயிரும். பேட்லாக் தைக்கத் தெரிஞ்சவுக திங்கக்கிழமை மாடிக்கு வாங்க, டெஸ்ட் பாத்து எடுத்துக்கிறேன். மத்தவுக செக்கிங்குக்குப் போயிருங்க. யாரையும் வெளிய அனுப்பல, அம்புட்டுத்தான் என்னால முடியும்."

செக்கிங் என்றால் நாள் முழுக்க மேஜை முன்னால் நின்றுகொண்டு, தைத்து வந்த சட்டையில் பிசிறு நூலை வெட்டுவது, கறை பார்ப்பது. திருப்பூருக்கு வந்த புதிதில், ஒன்றும் தெரியாத காலத்தில் நாகஜோதி செய்த வேலை அது. இத்தனை வருஷம் கழித்து மறுபடியும் அங்கே போய் நிற்பதா?

வீட்டுக்குப் போகிற வழியில் கேட்டாள். "அத்தான், பேட்லாக்க இன்னொரு தடவ தச்சுப் பாக்கட்டுமா?"

"எதுக்கு? நாலு பேரு முன்னாடி திரும்பவும் அசிங்கப்படவா?"

"செக்கிங்னா நின்னுக்கிட்டே இருக்கணுமே. முட்டு தாங்காதே."

"கொஞ்ச நாள்தான். பழகிரும். நான் முனீசுகிட்டச் சொல்லி ஒரு ஸ்டூலு போடச் சொல்லுதேன். உனக்கு எது ஒத்து வரும்னு எனக்குத் தெரியாதா?"

ஊர் உலகத்துக்கே எது ஒத்து வரும் என்று பார்த்துச் சொல்கிறவன், பெண்டாட்டிக்கு எது ஒத்து வரும் என்று தெரியாமலா சொல்வான் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை குழாயில் தண்ணீர் வந்தது. வீட்டுக்காரம்மா மருதாள் விடியலிலேயே லைன் வீடுகளின் கதவை எல்லாம் தட்டிவிட்டுப் போனாள். "ஜோதிக் கண்ணு, வெரசாப் புடிச்சுக்கோ சாமி, அப்புறம் தண்ணி வல்லீன்னு என்னையக் கேக்கப்படாது!" குடங்களை நிரப்பி முடித்து, ஊரிலிருந்து கொண்டு வந்திருந்த நெத்திலிக் கருவாட்டை முறத்தில் கொட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள் நாகஜோதி. உள்ளே, வாசலை ஒட்டிய மேஜையில் இசக்கிமுத்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அமராவதி வந்தாள். கீழ்த்தளத்தில் நாகஜோதிக்கு அடுத்த மெஷின். குன்னத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து போகிறவள். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய்.

"வாட்டி அமராவதி. லீவு நாள்லயும் பஸ்ஸா?"

"என்னத்தக்கா பண்றது. அண்ணனப் பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தனுங்க. நம்ம தோட்டத்துக் காயி, குழம்புல போடுங்க" என்று கட்டை முறத்தின் ஓரத்தில் வைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஏனுங்ணா, நாளைக்கு நானும் பேட்லாக் டெஸ்ட்டுக்குப் போறனுங்க. செக்கிங்னா வேலைக்கே போக வேண்டாம்ங்கறாரு எங்க ஊட்டுக்காரரு. அந்த மனுசன் தறிக்குப் போறதே வாரத்துல பாதி நாளு. நானும் ஊட்டுல உக்காந்துட்டா அடுப்புல பூனைதான் தூங்கோணும்."

இசக்கிமுத்து சிரித்தான். "போ. நல்லாத் தைப்ப."

"எங்கீங்ணா? என்ற கை ஒரேமுட்டா இழுக்குதுங்க. எனக்கும் அக்காளுக்கும் ஒரே கைங்க. ரெண்டு பேரும் சேந்து உக்காந்தா துணி காதத் தூரம் நீளும்னு சூப்பர்வைசரு கேலி பேசுவாருங்க."

"அப்படியா?" இசக்கிமுத்து டம்ளரை வைத்தான். கொடியில் கிடந்த தன் பழைய பனியனை உருவி மேஜைமேல் போட்டான். "இந்தா, இது மெஷினுன்னு நெனச்சுக்கோ. மடிச்சுத் தள்ளு பாப்போம்."

அமராவதி வெட்கப்பட்டுக்கொண்டே பனியனின் அடியை மடித்து, மேஜை விளிம்பில் தள்ளிக் காட்டினாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான். வேலையில் இறங்கிவிட்டால் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதே மறந்துவிடும். வாசலில் இருந்து அதைப் பார்த்த நாகஜோதிக்கு வழக்கம்போல ஒரு பூரிப்பு.

"சரிதான். இழுக்குற கைதான்."

"அப்ப எனக்கு ஆகாதுங்களா?" அமராவதியின் குரல் இறங்கிவிட்டது.

"ஏன் ஆகாது? கையை மாத்த முடியாதும்மா, மெஷினத்தான் மாத்தணும். துணிய அமுக்குத ஃபுட்டு இருக்கு பாரு, அதோட அழுத்தத்தக் கொஞ்சம் தளத்தி விட்டுரணும். அடியில பல்லுப் பல்லாத் துணிய நகத்துமே, அதக் கொஞ்சம் கூட்டி வைக்கணும். நீ எவ்வளவு இழுத்தாலும் மெஷினே துணிய உள்ள தள்ளிச் சரிக்கட்டிரும். அலையே வராது."

"அம்புட்டுத்தானுங்களா?"

"அம்புட்டுத்தான். ஒரு நிமிச வேல. நாளைக்குக் காலைல நானே வச்சுத் தாரேன். சொல்லப்போனா இழுக்குற கைதான் பேட்லாக்குல வேகமா ஓடும். நம்ம மாடில நல்லாத் தைக்கிற புள்ளையள்ல பாதிப் பேரு இழுக்குற கைதான். நான்தான் எல்லாருக்கும் தளத்திக் குடுத்துருக்கேன்."

நாகஜோதியின் விரலிடுக்கில் ஒரு நெத்திலி, தலை கிள்ளாமல் அப்படியே நின்றது.

அமராவதிக்கு முகம் மலர்ந்துவிட்டது. வாசல் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களாக்கா? அப்ப நீங்களும் வந்தர்லாமுங்களே! ஏனுங்ணா, அக்காளுக்கும் இதே மாதிரி வச்சுக் குடுத்தாப் போச்சு!"

இசக்கிமுத்து அப்போதுதான் வாசலைப் பார்த்தான். பனியனை எடுத்து மடித்தான். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தான்.

"அவளுக்கு... முட்டு வலி. அது வேற."

"பேட்லாக்னா உக்காந்துதானுங்களே தைக்கோணும்?" என்று ஆரம்பித்த அமராவதி, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள். "சரிங்க்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு. வர்றனுங்ணா."

நாகஜோதி மிச்சமிருந்த நெத்திலியை எல்லாம் கிள்ளி முடித்தாள். வெந்நீரில் அலசினாள். அமராவதி கொடுத்த காயையும் நறுக்கிப் போட்டுக் குழம்பு வைத்தாள். சோறு வடித்தாள். அவன் மொபெட்டைத் துடைக்கிறேன் என்று வெளியே போனவன், கூப்பிடும் வரை உள்ளே வரவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றிய பிறகுதான் கேட்டாள்.

"அன்னைக்கு எனக்கு ஏன் தளத்தல?"

"என்னைக்கு?"

"தெரியாத மாதிரிக் கேக்காதீய."

"அப்பம் எனக்கே அது தெரியாதுட்டி. பொறவு பழகிக்கிட்டது."

"பொய். அன்னைக்கு எனக்கு அடுத்த மெஷின்ல இருந்த புள்ளைக்கு நீங்கதான் மேல ஒரு திருகாணியத் திருகி விட்டுட்டு, 'இப்பம் இழு'ன்னு சொன்னீய. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். என்னத்துக்குன்னு அப்பம் புரியல. எங்கிட்ட வந்து, உன் கை ஆகாதுன்னீய."

அவன் சோற்றைப் பிசைந்தான். வாயில் வைக்கவில்லை.

"சாப்பிடுங்க. சாப்பிட்டுக்கிட்டே சொல்லுங்க."

"மாடி என் செக்ஷன், ஜோதி."

"அதுக்கு?"

"மெஷின் நின்னுட்டா அங்க என்ன செய்வாளுவ? கத்திரிய எடுத்து மேஜைல தட்டி, 'ஏ மெக்கானிக்கு'ன்னு கத்துவாளுவ. பீஸ் ரேட்டுல்லா, சும்மா உக்காந்தா அவளுவளுக்கு நட்டம். போறதுக்குக் கொஞ்சம் பிந்துச்சுன்னா வாயில வாரதெல்லாம் வரும். 'தூங்கிட்டியா, உன் பொண்டாட்டி எழுப்பி விடலியா'ம்பாளுவ. நானும் சிரிச்சுக்கிட்டே போயிருவேன். அடுத்தவ பேசுனா சிரிச்சுக்கிடலாம்."

"ம்."

"எம் பொண்டாட்டி அம்புட்டுப் பேருக்கு முன்னால மேஜையத் தட்டி என்னயக் கூப்பிட்டா? நான் டூல் பெட்டியத் தூக்கிக்கிட்டு ஓடியாரணும். முனீசு பாத்துக்கிட்டு நிப்பான். பயலுவ பூராம் பாத்துக்கிட்டு நிப்பானுவ."

"நான் கத்துவேனா அத்தான்?"

"கத்தாம எப்படிட்டி? கத்துனாத்தான மெக்கானிக்கு வருவான்."

வேறொரு நாளாக இருந்தால் அதற்கு அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அவனும் அதை எதிர்பார்த்துத்தான் நிமிர்ந்து பார்த்தான்.

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா?" என்றாள். குரல் உயரவில்லை. "மாடிக்கு வராதட்டி, எனக்கு ஒரு மாதிரியா இருக்குன்னு ஒரு வார்த்த. வந்துருக்கவே மாட்டேன். நீங்க கேட்டு எதையாவது மாட்டேன்னு சொல்லிருக்கேனா? சந்தோசமாக் கீழயே இருந்துருப்பேன். அதச் சொல்லாம, எங் கையக் குத்தம் சொல்லிட்டீயளே."

"ஜோதி..."

"நம்ம புள்ளைக்குச் சடை பின்ன எவ்வளவு பயந்துருக்கேன் தெரியுமா? எங் கை கெட்ட கைன்னு நெனச்சுக்கிட்டுல்லா இருந்தேன். நீங்களும் அதத் தடவிக் குடுத்துத் தடவிக் குடுத்துல்லா சிரிச்சீய."

அவன் தலை குனிந்திருந்தது. அவள் குழம்புச் சட்டியை மூடினாள். இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்காமல் விட்டுவிடலாம் என்றும் இருந்தது.

"தளத்தாம விட்டதோட சரியா? இல்ல, இறுக்குனீயளா?"

தெருவில் யாரோ பால்காரரிடம் சத்தமாகக் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு முடிந்து வண்டி கிளம்பிப் போகும் வரை அவள் காத்திருந்தாள். அவன் விரல் தட்டில் சோற்றை ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு ஒதுக்கியது. மறுபடி இந்த ஓரத்துக்குக் கொண்டு வந்தது.

"சரி" என்றாள் நாகஜோதி. "நாளைக்கு நானும் டெஸ்ட்டுக்கு வாரேன்."

"வா. நான் வச்சுத் தாரேன். சத்தியமாச் சொல்லுதேன் ஜோதி, நானே வச்சுத் தாரேன்."

திங்கட்கிழமை அவன் அவளுக்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டான். அவள் மருதாளின் மகன் ஓட்டும் ஷேர் ஆட்டோவில் ஏறி, மாடிக்கு வந்தபோது ஓரமாக இரண்டு பேட்லாக் மெஷின்கள் துடைத்துப் பளபளவென்று நின்றன. அமராவதி ஒன்றில் உட்கார்ந்து தைக்கத் தொடங்கியிருந்தாள். மடிப்பு வழுக்கிக்கொண்டு போனது. முனீஸ் துணியைத் தூக்கிப் பார்த்து, "ஓகே, ஓகே" என்றான்.

அடுத்த மெஷினுக்குப் பக்கத்தில் இசக்கிமுத்து நின்றிருந்தான். புது ஊசி போட்டிருந்தான். எண்ணெய்க் கறை படாமலிருக்க மேஜையில் சுத்தமான துணி ஒன்றை விரித்திருந்தான். நாற்காலியின் உயரத்தைக்கூட அவள் முட்டுக்குத் தோதாக மாற்றியிருந்தான்.

"உக்காரு. எல்லாம் வச்சுட்டேன். நல்லா இழு. தாராளமா இழு" என்றான் மெதுவாக.

அவள் உட்கார்ந்தாள். துணியை மடித்து ஃபுட்டுக்கு அடியில் கொடுத்தாள். மிதியில் கால் வைத்தாள். லைனில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். அவள் ஒரு தடவை அவன் முகத்தைப் பார்த்தாள். பரிவான முகம். உண்மையாகவே பரிவான முகம். அன்றைக்கும் இதே முகத்தோடுதான் பக்கத்தில் நின்றான். எதில் வித்தியாசம் கண்டுபிடிப்பது? கூடவே படுத்து எழுந்த முகத்தில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

"முனீசு, கீழருந்து சசியக் கூப்பிடுங்க. அவரு இந்த மெஷின ஒரு தடவ பாத்துரட்டும்."

சசிகுமார் ஓவர்லாக் பகுதியின் மெக்கானிக். முனீஸ் சிரித்துவிட்டான். "என்னக்கா நீங்க! உங்க வீட்டுக்காரரே கையால வச்ச மெஷினு. அதுக்கு மேல இன்னொருத்தன் வந்து என்னத்தப் பாக்கணும்?"

"அதனாலதான்."

முனீஸின் சிரிப்பு பாதியில் நின்றது. யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்து, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். இசக்கிமுத்துவின் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன.

சசிகுமார் படியேறி வந்தான். விஷயம் என்னவென்று கேட்டதும் தயங்கினான். "ஏனுங்ணா, நான் பாக்கட்டுங்களா?" என்று இசக்கிமுத்துவிடமே கேட்டான். இசக்கிமுத்து ஓரமாக நகர்ந்து வழி விட்டான். சசிகுமார் குனிந்து மேலே பார்த்தான், அடியில் பார்த்தான், கிழிந்த துணி ஒன்றில் ஓட்டியும் பார்த்தான்.

"எல்லாம் கரெக்டா இருக்குதுங்க்கா. உங்க கைக்குன்னே வச்சது. இதுக்கு மேல நான் வைக்க முடியாதுங்க."

அவள் தைத்தாள். இழுத்தாள். எவ்வளவு வருமோ அவ்வளவும் இழுத்தாள். மடிப்பு இஸ்திரி போட்டதுபோலப் படிந்து வந்தது. இரட்டைத் தையல் தண்டவாளம் மாதிரி நேராக ஓடியது. இரண்டாவது துணி, மூன்றாவது துணி. அமராவதி எழுந்து வந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். "நாளைலருந்து மாடிதான்க்கா" என்றான் முனீஸ். இவ்வளவுதானா என்றிருந்தது நாகஜோதிக்கு. இவ்வளவு சுலபமாக இருந்தது என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் ஷிப்ட் விட்டு வெளியே வந்தபோது, கேட்டுக்கு எதிரில் இசக்கிமுத்து மொபெட்டைக் கிளப்பி வைத்துக்கொண்டு நின்றான். அவள் வேறு வழியாகப் போய்விடுவாளோ என்று பயந்தவன்போல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அருகில் வந்ததும் சீட்டைக் கையால் தட்டிவிட்டான்.

"ஏறு ஜோதி. மழை வருது. இப்பமே போனா நனையாமப் போயிரலாம்."

நாகஜோதி ரோட்டோரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். பல்லடம் பக்கமிருந்து மேகம் கருத்துத் திரண்டு வந்துகொண்டிருந்தது. காற்றில் ஈரம் இருந்தது. அவன் சொன்னது சரிதான்.

பார்த்த பிறகுதான் ஏறினாள்.